இலவசக் கப்பலின் விலை

ரஷ்யா இந்தியாவுக்கு ஒரு விமானந்தாங்கிக் கப்பலை இலவசமாகத் தந்தது. 2004 ஜனவரி 20இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி ‘அட்மிரல் கோர்ஷ்கோவ்’ என்ற அந்தக் கப்பலுக்கு விலை கிடையாது. அதைப் பழுதுபார்த்து, முன்தளத்தில் இருந்த ஏவுகணைக் குழாய்களை அகற்றி, போர் விமானங்கள் ஓடி எழும்பத் தளம் அமைத்துக் கொடுப்பதற்கு மட்டும் 97.4 கோடி டாலர். 2008 ஆகஸ்டில் ஒப்படைப்பு. 2013 நவம்பர் 16இல் அது ‘ஐஎன்எஸ் விக்ரமாதித்யா’ என்ற பெயரில் கடற்படையில் சேர்ந்தபோது தொகை 235 கோடி டாலராகியிருந்தது. ஐந்து ஆண்டு தாமதம் தனி.

இடையில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. கப்பலைக் கட்டியது உக்ரைனின் மிக்கொலாயிவ் தளம். சோவியத் ஒன்றியம் உடைந்ததும் தளமும் அதன் அனுபவமும் வேறு நாட்டுக்குப் போய்விட்டன. சீரமைப்பு வேலை வெண்கடல் கரையில் செவெரொத்வின்ஸ்க் நகரில் உள்ள செவ்மாஷ் தளத்துக்கு வந்தது. நீர்மூழ்கி கட்டிப் பழகிய தளம் அது. விமானந்தாங்கியில் அதற்குப் பழக்கம் இல்லை. கப்பலோ 1994இல் கொதிகலன் அறையில் வெடிவிபத்துக்கு ஆளாகி, 1996இல் ஓய்வு கொடுக்கப்பட்டு, துருப்பிடித்துக் கிடந்தது. அதன் உட்பகுதியை முழுக்கத் திறந்து பார்ப்பதற்கு முன்பே வேலையின் அளவைக் கணக்கிட்டு ஒப்பந்தம் போட்டார்கள். திறந்த பிறகுதான் மைல் கணக்கில் கேபிள் மாற்ற வேண்டும், தகடுகள் பல இடங்களில் அரித்துப்போயிருக்கின்றன என்பதெல்லாம் வெளியே வந்தது. ரஷ்யத் தரப்பு கூடுதல் பணம் கேட்டது.

அதற்குள் இந்தியா தவணைகள் கட்டியிருந்தது. அந்தக் கப்பலுக்கென்றே 16 மிக்-29கே விமானங்களையும் சேர்த்து வாங்கியிருந்தது. கையில் இருந்த ‘விராட்’ 1959இல் பிரிட்டனில் சேவைக்கு வந்த கிழக் கப்பல். பேரத்தை முறித்துக்கொண்டு எழுந்துவர வழி இல்லை. பாதி ஆயுள் முடிந்த இந்தக் கப்பல் புதிதாக ஒன்று கட்டுவதைவிட 60 விழுக்காடு கூடுதல் விலையில் வருகிறது என்று அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரான சிஏஜி 2009இல் எழுதினார். 2010இல் புது விலைக்கு அரசு ஒப்புக்கொண்டது. 2012 செப்டம்பரில் கடல் சோதனையின்போது முழு வேகம் எடுத்ததும் எட்டுக் கொதிகலன்களில் ஏழு பழுதாயின. ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம் என்று இந்தியா சொல்லியிருந்ததால் மாற்றாக வைத்த தீச்செங்கற்கள் வெப்பம் தாங்கவில்லை என்பது ரஷ்யர்கள் சொன்ன விளக்கம். இன்னும் ஓராண்டு போயிற்று.

இம்மாதிரிக் கதைகளைக் கேட்டதும் நமக்கு இரண்டே விளக்கங்கள்தான் தோன்றும். ஒன்று, எவனோ கமிஷன் அடித்திருக்கிறான். இல்லாவிட்டால் அதிகாரிகளுக்குத் துப்பில்லை. இரண்டும் உண்டுதான், போஃபர்ஸ் பீரங்கி பேரத்தைப் பார்த்த நாட்டில் முதலாவதை மறுத்துப் பேச முடியாது. ஆனால் ஊழல் குறைவு என்று பெயரெடுத்த நாடுகளிலும், கைதேர்ந்த பொறியாளர்கள் நிரம்பிய நிறுவனங்களிலும், இருநூறு ஆண்டுகளாக இதே கதை இதே வரிசையில் நடந்துவருகிறது. அப்படியானால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. எனக்குப் படுவது இதுதான்: ஒரு ஆயுதத் திட்டத்துக்கு அறிவிக்கப்படும் முதல் தொகை அந்த ஆயுதத்தின் விலையாக இருப்பதே இல்லை. திட்டத்தை பட்ஜெட்டுக்குள் கொண்டுவர எவ்வளவு சொன்னால் போதுமோ அவ்வளவு. உள்ளே வந்த பிறகு, ஆண்டுக்கொருமுறை பணம் ஒதுக்கும் ஏற்பாடு அந்தத் தொகையை மேலும் ஊதவைக்கிறது. பிற்பாடு நாம் ‘செலவு கூடிவிட்டது’ என்று சொல்வதில் பெரும்பகுதி முதல் நாளே இருந்த செலவுதான்.

அமெரிக்காவின் முதல் கடற்படைக் கொள்முதலே இப்படித்தான் தொடங்கியது. அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையரின் தொல்லையைச் சமாளிக்க ஆறு போர்க்கப்பல்கள் கட்ட 1794 மார்ச்சில் சட்டம் இயற்றினார்கள். ஒதுக்கிய தொகை 6,88,888 டாலர், கூடவே 82 சென்ட். சென்ட் வரை துல்லியமாகப் போடப்பட்ட மதிப்பீடுகளைக் கண்டால் எனக்கு எப்போதும் சந்தேகம் வரும். ஆறு கப்பல்களையும் ஒரே தளத்தில் கட்டியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும். கட்டியதோ பாஸ்டன், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர் என்று ஆறு ஊர்களில். ஒவ்வொரு ஊருக்கும் வேலை, ஒவ்வொரு ஊரின் பிரதிநிதிக்கும் வாக்களிக்க ஒரு காரணம். ஜார்ஜியா கரையோரக் காடுகளிலிருந்து வரவேண்டிய ஓக் மரம் வந்து சேரவில்லை. மரம் வெட்டப் போனவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். 1796இல் அல்ஜியர்ஸுடன் சமாதானம் ஆனது. ஆறில் மூன்றை மட்டும் தொடர்வது என்று முடிவாயிற்று. அவற்றில் ஒன்றான ‘கான்ஸ்டிட்யூஷன்’ மட்டும் 3 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆறு கப்பலுக்கான தொகையைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 1.15 லட்சம்தான் வருகிறது. குறைத்துச் சொன்ன மதிப்பீடு, ஊர் ஊராகப் பகிர்ந்த வேலை, வராத மூலப்பொருள், நடுவில் மாறிய அரசியல், வெட்டப்பட்ட எண்ணிக்கை என்று இன்றைய திட்டங்களில் காண்பது அத்தனையும் அந்த மரக்கப்பல்களிலேயே இருந்தது.

இதை வகைப்படுத்திச் சொன்னவர் பென்டகனில் ஆய்வாளராக இருந்த சக் ஸ்பின்னி. 1983 மார்ச்சில் ‘டைம்’ இதழின் அட்டையில் வந்தவர். அவர் சொன்னவை இரண்டு உத்திகள். முதலாவது, தொடக்கத்தில் பலனைப் பெருக்கியும் செலவைச் சுருக்கியும் காட்டுவது. இரண்டாவது, துணை ஒப்பந்தங்களை எத்தனை தொகுதிகளில் முடியுமோ அத்தனையிலும் தூவிவிடுவது. முதலாவதால் திட்டம் உள்ளே வரும். இரண்டாவதால் வெளியே தள்ள முடியாமல் போகும். அரபிக்காரன் கூடாரத்தில் தலையை மட்டும் நுழைக்க ஒட்டகம் அனுமதி கேட்ட கதைதான்.

எஃப்-35 விமானம் இந்த இரண்டு உத்திகளுக்கும் பாடப்புத்தகம். 2001இல் லாக்ஹீட் மார்ட்டின் ஒப்பந்தம் பெற்றபோது 2,866 விமானங்களுக்கு 23,300 கோடி டாலர் என்று கணக்கு. 2012இல் மறுமதிப்பீடு செய்தபோது 2,457 விமானங்களுக்கு 39,570 கோடி. விமானம் குறைந்தது, பணம் கூடியது. விமானப்படை, கடற்படை, மரைன் படை மூன்றுக்கும் ஒரே விமானம், பாகங்களில் பெரும்பகுதி பொது, அதனால் மலிவு என்பதுதான் திட்டத்தின் அடிப்படை வாதம். மரைன் படைக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். கடற்படைக்கு அகலமான இறக்கை வேண்டும். கடைசியில் மூன்றுக்கும் பொதுவாக மிஞ்சிய பாகங்கள் கால்பங்கைத் தாண்டவில்லை. போதாததற்கு, சோதனைப் பறப்பு முடிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உற்பத்தியைத் தொடங்கிவிட்டார்கள். சோதனையில் ஒவ்வொரு குறை தெரியவரும்போதும் ஏற்கெனவே கட்டி முடித்த விமானங்களைத் திருப்பிக் கொண்டுவந்து பிரித்துத் திருத்த வேண்டியிருந்தது. பென்டகனின் கொள்முதல் தலைமைப் பொறுப்பில் இருந்த ஃபிராங்க் கெண்டலே 2012இல் இதைக் கொள்முதல் முறைகேடு என்று வெளிப்படையாகக் கண்டித்தார். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதன் உதிரிபாகங்கள் செய்யப்படுகின்றன.

நம் பக்கம் வருவோம். ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு 1974இல் அனுமதி கிடைத்தது, ரூ.15.50 கோடிக்கு. 1984 ஏப்ரலில் முடிய வேண்டும். 1995 மார்ச்சில் திட்டத்தை முடித்துக் கணக்கெழுதியபோது செலவு ரூ.305.60 கோடி. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தாலும் பல மடங்கு. இந்த ஏற்றத்துக்குப் பழியை ஆவடிப் பொறியாளர்கள் தலையில் கட்டுவது ஒரு வழக்கம். அது பாதி நியாயம்தான். என்ன டாங்கி வேண்டும் என்று ராணுவம் எழுபதுகளில் எழுதிக் கொடுத்த தேவைப் பட்டியலை எண்பதுகளின் நடுவில் அதுவே திருத்தியது. பாகிஸ்தானுக்கு அமெரிக்க டாங்கி வரப்போகிறது என்ற பேச்சு வந்ததும் கவசமும் பீரங்கியும் எஞ்சினும் எல்லாம் பெரிதாக வேண்டியிருந்தது. வரைபடத்தில் இருந்த டாங்கி எடைகூடி எடைகூடி 58.5 டன்னில் போய் நின்றது. அந்த எடையை இழுக்கும் எஞ்சின் இங்கே இல்லை, ஜெர்மனியிலிருந்து வந்தது.

படைகள் ஏன் இப்படிப் பட்டியலை நீட்டுகின்றன? ஒரு டாங்கியோ விமானமோ புதிதாகக் கேட்கும் வாய்ப்பு ஒரு தளபதியின் பணிக்காலத்தில் ஒருமுறை வருவதே அபூர்வம். இந்தப் பேருந்தை விட்டால் அடுத்தது முப்பது ஆண்டு கழித்து என்றால், கையில் உள்ள மூட்டையெல்லாம் ஏற்றத்தான் பார்ப்பார்கள். மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, இந்தத் தேவைப் பட்டியல்கள் சில நேரம் மார்வெல் காமிக்ஸ் படத்திலிருந்து வந்தவைபோல் இருக்கின்றன என்று கேலி செய்தார். அவர் ஐஐடியில் உலோகவியல் படித்தவர்; கேலியில் விஷயம் இருந்தது.

அடுத்தது எண்ணிக்கை. இத்தனை பாடுபட்டு உருவான அர்ஜுனில் ராணுவம் 2000இல் கேட்டது 124. மறு ஆண்டே ரஷ்யாவிடம் 310 டி-90 டாங்கிகள் வாங்க ஒப்பந்தமாயிற்று. அதன்பின் அர்ஜுனுக்கு இன்னொரு 124. பிறகு நீண்ட இடைவெளி. 72 மேம்பாடுகளோடு வந்த மார்க்-1ஏ வகையில் 118க்கு 2021 செப்டம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு ஆர்டர் கிடைத்தது, ரூ.7,523 கோடிக்கு. வகுத்துப் பார்த்தால் ஒரு டாங்கி ஏறத்தாழ 64 கோடி. தொழிற்சாலை, அச்சுகள், பயிற்சி பெற்ற தொழிலாளர், பரிசோதனைக் கூடம் எல்லாம் ஆயிரம் டாங்கி செய்தாலும் நூறு செய்தாலும் வேண்டும். நூறு செய்தால் ஒவ்வொன்றின் தலையிலும் பத்து மடங்கு சுமை. ஆர்டருக்கும் ஆர்டருக்கும் நடுவே பத்தாண்டு இடைவெளி விட்டால் கற்ற கை மறந்துவிடும், உதிரிபாகம் செய்துகொடுத்த சிறு நிறுவனங்கள் வேறு தொழிலுக்குப் போய்விடும். தேஜஸ் விமானத்துக்கும் இதே கதி. 1983இல் ரூ.560 கோடியில் அனுமதி பெற்ற திட்டம். முதலில் பறந்தது 2001 ஜனவரியில். தொடக்கத்தில் விமானப்படை கேட்டது இருபது, பிறகு இன்னொரு இருபது. அந்த நாற்பதை நம்பி யாரும் பெரிய உற்பத்தி வரிசை அமைக்க மாட்டார்கள். சூலூர் தளத்தில் அந்த விமானத்தை ஓட்டும் விமானிகள் அதைக் குறைசொல்வதில்லை. குறை அதை வாங்கிய முறையில்.

விலை கூடினால் எண்ணிக்கையைக் குறை, எண்ணிக்கை குறைந்தால் தலைக்கு விலை கூடும், கூடினால் இன்னும் குறை என்ற இந்தச் சுழலுக்கு அமெரிக்காவில் உதாரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பி-2 குண்டுவீச்சு விமானம் 132 என்று தொடங்கி 21இல் முடிந்தது. ஆராய்ச்சிச் செலவையும் சேர்த்தால் ஒன்று 200 கோடி டாலருக்கு மேல். ஸும்வால்ட் வகைப் போர்க்கப்பல் 32 திட்டமிட்டு 3 கட்டினார்கள். அந்தக் கப்பலுக்கென்று தனியாக வடிவமைத்த பீரங்கிக் குண்டு, கப்பல் மூன்றாகக் குறைந்ததால் ஒன்றுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் விலைக்குப் போய்விட்டது. கடற்படை அந்தக் குண்டை வாங்குவதையே 2016இல் கைவிட்டது. சுட குண்டில்லாத பீரங்கிகளோடு கப்பல்கள் மிதந்தன. லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் தலைவராகப் பிற்பாடு ஆன நார்மன் அகஸ்டின் எண்பதுகளிலேயே வேடிக்கையாக ஒரு கணக்குப் போட்டார். விலை இப்படியே ஏறினால் 2054இல் அமெரிக்கப் பாதுகாப்பு பட்ஜெட் மொத்தத்துக்கும் ஒரே ஒரு விமானம்தான் வரும். விமானப்படையும் கடற்படையும் வாரத்துக்கு மூன்றரை நாள் முறைவைத்து ஓட்ட வேண்டும். லீப் ஆண்டில் கிடைக்கும் கூடுதல் நாள் மரைன் படைக்கு.

எண்ணிக்கையை வெட்டுவது, ஒப்படைப்பைத் தள்ளிப்போடுவது இரண்டையும் செய்வது பெரும்பாலும் படைகள் அல்ல, நிதித்துறை. இங்கேதான் பட்ஜெட் முறை உள்ளே வருகிறது. ஒரு கப்பல் கட்டப் பத்து ஆண்டு. நாடாளுமன்றம் பணம் ஒதுக்குவது ஓராண்டுக்கு. நிதி அமைச்சகத்துக்கு இந்த ஆண்டுப் பற்றாக்குறை விழுக்காடுதான் கண்ணில் படும். பத்தாம் ஆண்டின் மொத்தச் செலவு வேறு யாரோ ஒரு அமைச்சரின் தலைவலி. இதை ஒரு கணக்கில் சுத்தமாகக் காட்டியது பிரிட்டன். இரண்டு பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு 2008 ஜூலையில் ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்தே மாதத்தில், அந்த ஆண்டுகளின் செலவைக் கட்டுப்படுத்த வேண்டி, கட்டுமானத்தை மெதுவாக்கச் சொன்னார்கள். நான்கு ஆண்டுகளில் 45 கோடி பவுண்டு மிச்சம். அதன் விளைவாகப் பிந்தைய ஆண்டுகளில் செலவு கூடியதோ 100 கோடி பவுண்டுக்கு மேல். மெதுவாகக் கட்டினாலும் தளத்துக்கு வாடகை உண்டு, தொழிலாளருக்குச் சம்பளம் உண்டு, விலைவாசி ஏறும். இதைக் கணக்கர்கள் அறியாமல் செய்யவில்லை. அறிந்தே செய்தார்கள், ஏனெனில் அந்த ஆண்டின் கணக்கு நேராக வேண்டும். 2010இல் வந்த அடுத்த அரசு கப்பலில் ஏற்றும் விமான வகையை மாற்றியது. 2012இல் பழைய வகைக்கே திரும்பியது. போய்வந்த வழிச்செலவு 7.4 கோடி பவுண்டு. 2007இல் ஏறத்தாழ 360 கோடி பவுண்டு என்று சொன்ன கப்பல்கள் 620 கோடியில் முடிந்தன. அந்த நாட்டின் கொள்முதல்களை ஆராய்ந்த பெர்னார்ட் கிரே 2009இல் கொடுத்த அறிக்கையின்படி, திட்டங்கள் சராசரியாக 40 விழுக்காடு கூடுதல் செலவிலும் 80 விழுக்காடு கூடுதல் காலத்திலும் முடிகின்றன.

இந்தியாவில் இந்த நெருக்கடி வேறு வடிவில் தெரியும். பாதுகாப்பு மூலதனச் செலவில் பெரும்பங்கு புதிதாக வாங்குவதற்குப் போவதில்லை. முன்பே போட்ட ஒப்பந்தங்களின் தவணைக்குப் போகிறது. 2018 மார்ச்சில் ராணுவத் துணைத் தளபதி நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் கணக்கைப் பச்சையாகவே வைத்தார். நவீனமயத்துக்கு ஒதுக்கியது ரூ.21,338 கோடி. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் 125 திட்டங்களுக்குக் கட்ட வேண்டிய தவணை மட்டும் ரூ.29,033 கோடி. பழைய கடனுக்கே பணம் போதாதபோது புதிய திட்டத்தை எப்படிச் சேர்ப்பது? தொகையைச் சிறிதாகக் காட்டி, முதல் தவணையை இன்னும் சிறிதாக்கித்தான்.

இதில் ஒரு விசித்திரம், பணம் போதவில்லை என்று அழும் அதே பாதுகாப்பு அமைச்சகம் சில ஆண்டுகளில் மார்ச் 31இல் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் செய்திருக்கிறது. சோதனை, பேரம், ஒப்புதல் என்று ஒவ்வொரு படியிலும் கோப்பு நிற்பதால் நிதியாண்டுக்குள் கையெழுத்தாவதில்லை. பணம் சரண்டர் ஆகும். மறு ஆண்டு ஒதுக்கீட்டுப் பேச்சில் ‘கொடுத்ததையே செலவழிக்கவில்லையே’ என்று கேட்பார்கள். அந்தப் பயத்தில் பிப்ரவரி, மார்ச்சில் அவசரக் கொள்முதல். கடைசி மாதங்களில் செலவை அள்ளிக் கொட்டுவது நிதி ஒழுங்கை மீறுவது என்று பொது நிதி விதிகளிலேயே எழுதியிருக்கிறது. எழுத வேண்டிய அளவுக்கு அது நடக்கிறது என்றுதான் பொருள். அமெரிக்காவில் லீப்மன், மஹோனி என்ற இரு பொருளியலாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், நிதியாண்டின் கடைசி வாரத்தில் கூட்டாட்சி அரசின் கொள்முதல் மற்ற வாரங்களின் சராசரியைப்போல் 4.9 மடங்கு என்று காட்டினார்கள். அந்த வாரத்தில் ஒப்பந்தமான கணினித் திட்டங்களின் தரமும் மோசம். இந்த நோய்க்கு மருந்தாகக் காலாவதியாகாத ஒரு நவீனமய நிதி வேண்டும் என்று 2004 இடைக்கால பட்ஜெட்டில் நிதி அமைச்சர் ஜஸ்வந்த் சிங் ரூ.25,000 கோடி அறிவித்தார். ஆட்சி மாறியது, நிதி உருவாகவில்லை. 15ஆவது நிதிக்குழு 2021-26க்கு ரூ.2.38 லட்சம் கோடியில் அதே யோசனையை மறுபடி பரிந்துரைத்தது.

மதிப்பீடுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘இது ஏற்கெனவே இருக்கிறது, அதனால் செலவில்லை’ என்ற வரி. கோர்ஷ்கோவ் ஏற்கெனவே இருந்தது. அமெரிக்கா இப்போது உருவாக்கும் சென்டினல் அணு ஏவுகணையிலும் இதே வரிதான் கழுத்தை அறுத்தது. 2020இல் அதற்குச் சொன்ன தொகை 7,770 கோடி டாலர். 2024 ஜூலையில் 14,090 கோடி. 81 விழுக்காடு ஏற்றம். ஏவுகணையின் தொழில்நுட்பம் இதற்குப் பெரிய காரணமில்லை. மினிட்மேன் ஏவுகணைகளுக்காக அரை நூற்றாண்டுக்கு முன் தோண்டிய 450 நிலத்தடிக் குழிகளையும், அவற்றை இணைக்க ஆயிரக்கணக்கான மைல் புதைத்த செம்புக் கேபிளையும் அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார்கள். கான்கிரீட்டைப் போய்ப் பார்த்தபோதுதான் நிலைமை தெரிந்தது. கேபிள் முழுக்கக் கண்ணாடியிழையாக மாற வேண்டும். குழிகள் பெரும்பாலும் புதிதாகவே தோண்ட வேண்டியிருக்கும் என்று 2025இல் விமானப்படை சொன்னது. கொச்சியில் கட்டிய ‘விக்ராந்த்’ விமானந்தாங்கியின் கதையிலும் இதன் ஒரு சாயல் உண்டு. 2003இல் ரூ.3,261 கோடிக்கு அனுமதி தரப்பட்டபோது கப்பலில் பொருத்த வேண்டிய பல கருவிகள் எவை என்றே முடிவாகியிருக்கவில்லை. போர்க்கப்பல் எஃகு ரஷ்யாவிலிருந்து வந்துவிடும் என்று இருந்தார்கள், வரவில்லை. ஐதராபாத் ஆய்வகமும் செயில் நிறுவனமும் சேர்ந்து உள்நாட்டிலேயே எஃகை உருவாக்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. அந்த எஃகு நாட்டுக்குக் கிடைத்த உண்மையான லாபம். 2014இல் திருத்திய மதிப்பீடு ரூ.19,341 கோடி என்பதும் உண்மை.

சில நியாயங்களை எதிர்த்தரப்புக்கும் கொடுக்க வேண்டும். இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்யும்போது விலையை முன்கூட்டிச் சொல்ல முடியாது. தேஜஸுக்கென்று தொடங்கிய காவேரி எஞ்சின் 1989இல் ரூ.382.81 கோடி, பிறகு ரூ.2,839 கோடியாகத் திருத்தப்பட்டு, 2008இல் தேஜஸிலிருந்து விலக்கப்பட்டது. ஜெட் எஞ்சினின் சூடான பகுதியை வெற்றிகரமாகச் செய்யத் தெரிந்த நாடுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதை ஏமாற்று என்று சொல்வது அநியாயம். 1998 அணுச் சோதனைக்குப் பின் வந்த அமெரிக்கத் தடையையும் யாரும் மதிப்பீட்டில் போட்டிருக்க முடியாது. ஆனால் இந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவின் 35 பெரிய ஆயுதத் திட்டங்களை ராண்ட் ஆய்வு நிறுவனம் பிரித்துப் பார்த்து 2008இல் அறிக்கை தந்தது. செலவு ஏற்றத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முடிவுகளால் வந்தவை: தேவையை மாற்றியது, எண்ணிக்கையை மாற்றியது, காலத்தை நீட்டியது. மதிப்பீட்டுப் பிழையும் தொழில்நுட்பச் சிக்கலும் மிச்சத்தில்தான்.

மருந்துகளுக்கும் பஞ்சமில்லை. விலையை ஒப்பந்தத்திலேயே உறுதியாகக் கட்டிவிடலாம் என்பார்கள். 2011இல் போயிங் நிறுவனத்திடம் கேசி-46 எரிபொருள் நிரப்பும் விமானத்தை அப்படித்தான் கட்டினார்கள். அந்த நிறுவனம் இதுவரை 700 கோடி டாலருக்கு மேல் நட்டக் கணக்கு எழுதியிருக்கிறது. மீறல் மறையவில்லை, கணக்குப் புத்தகம் மாறியது. இனி இம்மாதிரி ஒப்பந்தத்தைத் தொடவே நிறுவனங்கள் யோசிக்கின்றன. போட்டியால் விலை குறையும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரைதான் போட்டி. அதன்பின் வாங்குபவரும் ஒருவர், விற்பவரும் ஒருவர். சென்டினல் திட்டத்தில் அந்தப் போட்டியும் இல்லை. போயிங் 2019இல் விலகிக்கொள்ள, நார்த்ராப் மட்டுமே மிஞ்சியது. செலவு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் திட்டத்தை ரத்து செய்ய வழிசெய்யும் நன்-மெக்கர்டி சட்டம் அமெரிக்காவில் 1982 முதல் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று பாதுகாப்புச் செயலர் சான்று கொடுத்தால் தப்பலாம். பெரும்பாலும் சான்று கிடைத்துவிடுகிறது. சென்டினலுக்கும் கிடைத்தது.

பலித்த மருந்து ஒன்றைச் சொல்லலாம் என்றால், அமெரிக்காவின் வர்ஜீனியா வகை நீர்மூழ்கிகளின் ஒரு கட்டம். வடிவத்தை உறுதியாக நிறுத்தி, பல ஆண்டு ஆர்டரை ஒன்றாகக் கொடுத்து, தலைக்கு 200 கோடி டாலர் என்ற இலக்கை எட்டினார்கள். பிற்பாடு அங்கும் ஆள் பற்றாக்குறையால் ஆண்டுக்கு இரண்டு என்பது ஒன்றேகாலாகச் சுருங்கிவிட்டது. பல ஆண்டு ஆர்டரை நாமும் முயன்றோம். 2021இல் 83 தேஜஸ் விமானங்கள் ஒரே ஒப்பந்தத்தில். 2024இல் வரவேண்டிய முதல் விமானம் அமெரிக்க எஞ்சின் வராததால் தள்ளிப்போனது. ஆனாலும் பாதை சரி என்பதுதான் என் எண்ணம். இருபது இருபதாக வாங்கியதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்தியாவுக்கு இல்லாதது வேறொன்று. அமெரிக்க மீறல்களை நான் இவ்வளவு துல்லியமாக எழுத முடிவதற்குக் காரணம், அங்கே சட்டப்படி அந்தக் கணக்குகள் வெளியே வருகின்றன. 2009 முதல் அங்கே படைகளுக்கு அப்பால் சுதந்திரமாக விலை மதிப்பிடும் ஓர் அலுவலகமும் இருக்கிறது. இங்கே சிஏஜி அறிக்கை வருவதற்குள் திட்டம் முடிந்தே போயிருக்கும். 2019இல் ரஃபேல் பற்றிய அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தபோது விலைகள் மறைக்கப்பட்டிருந்தன. எதிரிக்குத் தெரியக் கூடாதது ரேடாரின் திறன். வரிகட்டுபவருக்குத் தெரியக் கூடாதது என்று விலையையும் அந்தப் பெட்டியிலேயே போட்டுப் பூட்டுவது ஏற்க முடியாத வழக்கம். ஒவ்வொரு பெரிய திட்டத்துக்கும் முதல் அனுமதித் தொகை, இன்றைய மதிப்பீடு, எண்ணிக்கை, ஒப்படைப்பு நாள் ஆகிய நான்கு எண்களை ஆண்டுக்கொருமுறை நாடாளுமன்றத்தில் வைக்கச் சட்டம் வேண்டும். இதனால் எந்த ரகசியமும் கசியாது.

ஐந்தாம் தலைமுறைப் போர் விமானமான ஆம்காவின் மாதிரிகளை உருவாக்க 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்திருக்கிறது. அறிவித்த தொகை ஏறத்தாழ ரூ.15,000 கோடி. வாசகர்கள் இந்த எண்ணை எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.